மாவக்காவும் பழுப்புப் புகையும்

மாவை அதிகமாகப் போட்டால் புகை இன்னும் சுத்தமாகத்தானே வர வேண்டும்? பிறகு ஏன் அன்று புகைபோக்கிக்கு மேலே வானம் துருப்பிடித்த தகரம் மாதிரி நின்றது? அன்று என்னைக் கேட்டிருந்தால் விழித்திருப்பேன். மாவக்காவே விழித்தார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. காகித ஆலையில் யாருக்கும் அது நினைவில்லை. கொதிகலனிலிருந்து நிலக்கரிப் புகை வெளியேறும் குழாய்க்குள் சமையல் சோடா மாவை ஊதிவிடுவது அவர் வேலை. சூடு பட்டதும் ஒவ்வொரு துகளும் வெடித்து, உள்ளே ஓட்டை ஓட்டையாகி, புகையிலுள்ள கந்தக வாயுவை இழுத்துக்கொள்ளும். கடைசியில் துணிப்பைகள் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். தண்ணீரும் இல்லை, சேறும் இல்லை. மாவு மட்டும் மாவக்கா மேலேயே பாதி இருக்கும்.

சாயங்காலம் கணவர் கதவிலேயே மறித்துக்கொள்வார்.

"வெளியவே தட்டிட்டு வா. நேத்து நாற்காலியில உன் உருவம் அப்படியே உக்காந்திருந்துச்சு."

"அதாவது பேசாம உக்காந்திருந்துச்சுல்ல. சந்தோஷப்படுங்க."

அந்த வருடம் மாசுச் சோதனையில் ஆலை இரண்டு முறை தவறியது. மாவுக் கிடங்கின் கூரை ஒழுகி, மாவு கட்டிதட்டிப்போனதுதான் காரணம். கூரையை யாரும் திட்டவில்லை. மாவக்காவைத்தான் திட்டினார்கள்.

"மூணாவது தடவையும் கோட்டை விட்டா, அக்கா, நீங்க திரும்பவும் சாம்பல் குழிக்குத்தான்" என்றார் மேலாளர்.

சாம்பல் குழியில் மாவக்கா நான்கு வருடம் அள்ளியிருக்கிறார். அந்த இருமல் இன்னும் அவரோடுதான் குடித்தனம் நடத்துகிறது. அவரே கூரையேறித் தார்ப்பாய் கட்டினார். மாவு பொலபொலவென்று ஆனது. அதோடு விட்டிருக்கலாம். பயம் விடுமா? சோதனை நாள் காலையில், மாவின் அளவைக் கூட்டிக் குறைக்கும், எப்போதும் நான்கில் நிற்கும் திருகுக் குமிழை ஒன்பதுக்குத் திருப்பிவிட்டார்.

கந்தக மீட்டர் பன்னிரண்டு காட்டியது. வரம்பு இருநூறு. அந்த மீட்டர் பிறந்ததிலிருந்து அப்படியொரு எண்ணைக் கண்டதில்லை. சோதனை அதிகாரி மகிழ்ந்துபோய்ப் பேனாவைத் திறந்தபடி வெளியே வந்தார், அண்ணாந்தார்.

"மேல யாராவது காபி போடுறாங்களா?"

புகை பழுப்பாக உருண்டுகொண்டிருந்தது.

"கரிதான் சார். இந்த லோடு சரியில்ல" என்றார் மேலாளர். நிலக்கரி மறுத்துப் பேசவில்லை.

"அப்போ புது லோடு வர்ற வரைக்கும் கொதிகலனை நிறுத்திடுங்க."

மாவக்கா கணக்குப் போட்டார். வாயை மூடிக்கொண்டால் நாற்பது பேர் வீட்டில் உட்கார வேண்டும். திறந்தால் அவர் ஒருவர் மட்டும் குழிக்குள்.

"கரி மேல தப்பில்ல சார். நாலுல இருக்க வேண்டியத நான்தான் ஒன்பதுல வெச்சேன். ஏன் இப்படி ஆச்சுன்னு தெரியல. ஆனா இன்னைக்கு மாத்தினது அது ஒண்ணுதான்."

"எதுக்கு மாத்தினீங்க?"

"பயந்துதான்."

மேலாளர் தன் செருப்பை ஆராய்ந்தார்.

"குறைங்க. பாக்கலாம்" என்றார் அதிகாரி.

குறைத்தார். அரை மணி நேரம் மூன்று பேரும் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பழுப்பு மெலிந்து, கலைந்து, காணாமல் போனது. மீட்டர் நூற்றறுபதுக்கு ஏறி நின்றது. அதிகாரி அதையே எழுதினார்.

"பன்னெண்டுன்னு எழுதியிருந்தா அழகா இருந்திருக்கும்" என்று முணுமுணுத்தார் மேலாளர்.

"கந்தகத்த முடிச்ச பிறகும் மிச்சமிருக்கிற சோடா சும்மா இருக்காதும்மா" என்றார் அதிகாரி. "புகையில இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடு வாயுவப் போய்ச் சீண்டும். அது பழுப்பாயிடும்."

"என் நாத்தனார் மாதிரின்னு சொல்லுங்க."

ஆலை தேறிவிட்டதால் சாம்பல் குழிப் பேச்சை மேலாளர் மறுபடி எடுக்கவில்லை. மறுநாள் மாவக்கா திருகில் நான்குக்கு நேரே சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் எழுதினார்: "இதுக்கு மேல பயப்படக் கூடாது."

புகைபோக்கிக்குக் கீழே மாவு ஊதுகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இந்தக் கதையை அவர் காதில் போட்டுவையுங்கள். முடிந்தால், சோதனை நாளுக்கு முன்பே.