இடுப்புத் தையல்

சரக்கு முற்றத்தில் பெரிய கிரேன் ஓட்டுபவரைக் கொக்கு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வேலையில் சேர்ந்தபோது கழுத்தும் காலுமாக இருந்த மனிதர். பிறகு உடம்பு பெருத்தது. பெயர் மட்டும் ஒல்லியாகவே நின்றுவிட்டது.

எடைக்கருவியைப் பார்த்த கம்பெனி மருத்துவர் வளவளவென்று பேசவில்லை. கிரேனின் செங்குத்து ஏணியில் ஏறுபவருக்கு எடை வரம்பு உண்டு, அதைத் தாண்டியாயிற்று. அடுத்த பரிசோதனைக்குள் குறையாவிட்டால் வாசலில் லாரிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலைதான். கொக்குக்கோ கிரேன் உச்சியில் கண்ணாடி சூழ்ந்த அந்தச் சின்னக் கூண்டில் போய் உட்கார்ந்தால்தான் மூச்சே சீராக வரும்.

"எனக்கே தெரியாம எப்படி ஏறுச்சு? பேன்ட் இறுக்கவே இல்லையே" என்றார் வீட்டில்.

அவர் மனைவி சீருடைகள் தைக்கிற இடத்தில் வேலை செய்பவள். ஊசியில் நூல் கோத்தபடி, "எப்படி இறுக்கும்? நான்தான் தையலைப் பிரிச்சுப் பிரிச்சு விட்டுக்கிட்டே இருந்தேனே" என்றாள்.

"சொல்லக் கூடாதா?"

"வேலை முடிஞ்சு வர்ற மூஞ்சியப் பார்த்தா சொல்ற மாதிரியாங்க இருந்துச்சு? உள்ள மடிச்சிருந்த துணியும் தீந்துபோச்சு. இனிமே நீங்களாச்சு, உங்க தொப்பையாச்சு."

வாயைக் கட்டிப் பார்த்தார். கொஞ்சம் இறங்கிய எடை, போன வேகத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. முட்டி வலிக்குப் பயந்து மதியமும் அவர் கீழே இறங்குவதில்லை; கூண்டிலேயே தனியாகச் சாப்பிட்டு, கண் சொக்கும்போதெல்லாம் பிஸ்கட்டைப் பிரிப்பார்.

ஏன் சொக்குகிறது என்பதை மனைவிதான் கண்டுபிடித்தாள். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டடத்தின் தண்ணீர் மோட்டார். ராத்திரியில் அது உறுமும்போதெல்லாம் அவர் எழுந்துபோய்த் தின்பண்ட டப்பாவில் கைவிடுவார். திரும்பி வந்து புரண்டுகொண்டு கிடப்பார்.

"நீங்க பசிக்குத் திங்கலைங்க. தூக்கம் வராம திங்கிறீங்க."

"அதுக்கு மோட்டாரைப் பட்டினி போடவா?"

அவள் கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினாள். கட்டில் முன்னறைக்குப் போனது. அங்கிருந்த தையல் மெஷின் படுக்கையறைச் சுவரோரம் வந்தது. "மோட்டார் கத்தினா என் மெஷினும் கத்தட்டும்."

முதல் சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடித்துப்போட்டது போலத் தூங்கினார். காலையில் முட்டிகூட அவ்வளவாக முனகவில்லை.

ஒரு மதியம், கீழே நின்று கைச்சாடை காட்டும் கூட்டாளி 'இறக்கு' என்று கையை அசைத்தார். கொக்கு எட்டிப் பார்த்தார். கொக்கியில் சரக்கே இல்லை. வாக்கிடாக்கியில் கேட்டார்.

"எதைப்பா இறக்கச் சொல்ற?"

"உன்னைத்தான்யா. இறங்கி வா, சாப்பிடலாம்."

இறங்கினார். பலகை அடுக்கின் நிழலில் நாலு பேரோடு வம்பளந்துகொண்டே தின்றதில் பாதிச் சாப்பாடே போதும்போல இருந்தது. மறுநாளும் அதே கைச்சாடை. மேலே பிஸ்கட் நமத்துப்போனது. நடுவில், மனைவியின் அம்மா படுக்கையில் விழுந்து வீடே அலைந்த நாட்களில் டப்பா மறுபடி திறந்தது, எடையும் ஏறியது. ஆனாலும் அவர் கட்டிலைப் பழைய இடத்துக்கு மாற்றவில்லை, மதியம் இறங்குவதையும் நிறுத்தவில்லை.

பரிசோதனையில் முள் வரம்புக்குச் சற்றுக் கீழே நின்றது. "ஏறலாம். ஆனா இன்னும் குறையணும்" என்றார் மருத்துவர்.

அன்று மாலை, நழுவுகிற பேன்ட்டைக் கொண்டுபோய் மெஷின்மேல் போட்டார். அவள் இடுப்பைப் பிடித்துத் தைத்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, உள்ளே மிஞ்சிய துணியை வெட்டப் போனாள்.

"ஏய், விட்டு வை. திரும்ப ஏறுச்சுன்னா?"

"அப்ப இறுக்கட்டும்" என்று வெட்டினாள். "இறுக்கினா வந்து சொல்லுங்க. தூக்கம் எங்க கெட்டுச்சுன்னு பார்ப்போம்."