அவள் வராத திறப்பு நாள்

ஒரகடம் அருகே ஓர் இயற்கை அருங்காட்சியகத்துக்கு நான்தான் பொறுப்பாளர். ஒருநாள், பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், பார்வையில்லாத தன் மகளோடு வந்திருந்தார். அங்கே தொங்கிய தூக்கணாங்குருவிக் கூட்டைச் சிறுமி தொட்டதும், அதட்டி அவள் கையைத் தட்டிவிட்டேன்.

“அது கையாலதான் சார் பாக்கும்,” என்றார் அம்மா.

அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுவருடம் கண்ணாடிப் பெட்டிகளை அகற்றி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் இடமாக மாற்றினோம். வருகைப் பதிவேட்டில் எண்ணைத் தேடி, திறப்பு நாளுக்கு அவர்களை நானே அழைத்தேன். அம்மா மட்டும் வந்தார்.

“பாப்பா எங்கம்மா?”

“வர மாட்டேன்னுடுச்சு சார். கைய அடிப்பாங்களாம்.”

“நான் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா?”

“வேணாம் சார். உங்க கொரல் அதுக்கு ஞாபகம் கீது.”

உள்ளே பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு வாய் திறக்கவே கூசியது.