பயந்துகொண்டே வந்தவர்

எங்கள் ஊரிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி யாரென்று கேட்டால், பால்குடி மறக்காத பிள்ளைகூட பெலாயித் மாமா வீட்டைத்தான் கைகாட்டும். அந்த வீட்டுச் சுவரில் விடுதலைப் போர் வீரர் என்று அரசாங்கம் கொடுத்த பதக்கம் தொங்கியது. மீசை முளைக்காத வயதில் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், பிரெஞ்சுப் பட்டாளம் நாட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் மலையிலிருந்து இறங்கி வந்தவர் அவர். அப்படிப்பட்டவரை, விடுதலைப் போர் தொடங்கிய நாளான நவம்பர் முதல் தேதி விழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "போர்ல என்ன செஞ்சீங்க தாத்தா?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"ஓடினேன்" என்றார்.

"அப்புறம்?"

"ஒளிஞ்சேன்."

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் போரில் சமையல் வேலை பார்த்தவர், ஆனால் நன்றாகப் பேசுவார்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாளே பெலாயித் மாமா எங்கள் கதவைத் தட்டினார். நேராகச் சமையலறைக்குப் போய் கேஸ் சிலிண்டரின் ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்தார், மோந்து பார்த்தார், திருகை மூடித் திறந்தார். புதுப்பெண் வீட்டில் கிழவனுக்கு என்ன வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு கூப்பிட்டாங்க உங்கள?" என்றேன்.

"யாரும் கூப்பிடலம்மா. பயமா இருந்துச்சு. அதான் வந்தேன்."

அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். பனி விழுந்தால் தனியாக இருக்கும் கிழவிகளுக்கு ரொட்டியும் மாத்திரையும் கொண்டு போவார். கிணற்றுக்கு மூடி போடுவார். ஆடு விழுந்த பள்ளத்துக்கு வேலி கட்டுவார். யாராவது இறந்துவிட்டால் முதலில் மண்வெட்டி எடுப்பவர் அவர்தான். மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் பிரான்ஸில் தங்கிவிட்ட பிறகு, ஊரே அவருக்கு வீடாகிவிட்டது. ஒரு காசு வாங்க மாட்டார், ஒரு வாய் சாப்பிட மாட்டார். அத்திப்பழம் மட்டும் கொடுத்தால் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

எல்லாவற்றிலும் பெரிய பயம் அவருக்கு நெருப்பின் மேல். போர்க்காலத்தில் விமானம் வந்து எதிர்மலையின் மேல் நெருப்பைக் கொட்டியது. அவருடைய கூட்டாளி ஒருவர் அதில் வெந்தார். பெலாயித் மாமா ஓடைத் தண்ணீருக்குள் கிடந்து அதைப் பார்த்தார். இதை அவர் சொன்னதில்லை. அவர் மனைவி என் மாமியார் கெனீமாவிடம் சொல்லி, மாமியார் என்னிடம் சொன்னது.

அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஊர்ச்சபை கூடும்போது அவர் எழுந்து ஒரே விஷயத்தைக் கேட்பார். மலை உச்சியில் ஷேக் அம்ரான் தர்கா இருக்கிறது. அதைச் சுற்றிப் பெரிய ஓக் தோப்பு. அந்தத் தோப்பில் கிளை வெட்டக்கூடாது, சுள்ளி பொறுக்கக்கூடாது, விழுந்த இலையைக்கூட அள்ளக்கூடாது. தொட்டவன் கை விளங்காது என்று எங்கள் ஊர் காலங்காலமாக நம்புகிறது. முழங்கால் ஆழத்துக்குக் காய்ந்த சருகு அங்கே. கீழே ஆபத்து என்றால் ஊர் மேலே தர்காவுக்குத்தான் ஓடும். பட்டாளம் எப்போதும் கீழிருந்துதானே வந்தது.

"அந்தச் சருகு, புதரெல்லாம் கொஞ்சம் வழிச்சுடலாம்பா" என்பார்.

சபைத் தலைவர் ஷபான் சிரிப்பார். "நீங்க போய்க் கை வைங்க மாமா. கை விளங்காமப் போனா எங்களச் சொல்லாதீங்க."

"எனக்கும் பயம்தான்டா. ஷேக் மேலயும் பயம், நெருப்பு மேலயும் பயம். எதுக்கு அதிகமாப் பயப்படணும்னு சபை சொல்லட்டும்."

சபை சிரித்துவிட்டுக் கலையும். பெலாயித் மாமா அரிவாளை எடுத்துக்கொண்டு, யாரும் தடுக்காத ஒரே இடமான, இறந்தவர்களைப் புதைக்கும் மையவாடிக்குப் போவார். கபர்களுக்கு நடுவே ஒரு புல் விடாமல் அறுப்பார், வேலியோரத்தில் மண் தெரியச் செதுக்குவார். கைகால் கழுவ அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதையும் நிரப்பி வைப்பார். "படுக்கப்போற இடத்த இப்பவே தட்டிப் போடுறாரு" என்று இளவட்டங்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஆகஸ்டில் தெற்கிலிருந்து பாலைவனக் காற்று வீசியது. மதியத்துக்குள் வானம் பழுப்பாகிவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து புகை ஏறியது, போன் செத்துப்போனது. என் கணவர் அரெஸ்கி உட்பட ஆண்கள் எல்லோரும் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு கீழே நெருப்பை அடிக்கப் போனார்கள். பெண்கள் நாங்கள் வழக்கப்படி மேலே ஓடினோம். என் இடுப்பில் நான்கு வயது மகள் சிலியா. மறுபக்கம் என் தோளில் தொங்கிக்கொண்டு மாமியார். மூட்டுவலிக்காரி, பாதி தூரம் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

தர்காவுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் எனக்கு உயிர் வந்தது. மாமியார் ஷேக்கின் கபர்மேல் போர்த்திய பச்சைத் துணியைப் பிடித்துக்கொண்டு ஓத ஆரம்பித்தாள். அப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நெருப்பு ஓடையைத் தாண்டிவிட்டது. அது எங்களைப் போலவே மேல்நோக்கி ஓடி வந்தது, எங்களைவிட வேகமாக. மகளை எங்கே ஒளித்துவைப்பது என்று சுவர்களைப் பார்த்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

திறந்தால் பெலாயித் மாமா. வெயில்கால உச்சியில் கம்பளி அங்கியைப் போர்த்தியிருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கைத்தடியைக் காணோம். எண்பதைத் தாண்டிய வயதில் அந்த ஏற்றத்தை எப்படி ஏறினாரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தாடை தடதடவென்று அடித்துக்கொண்டது. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் இறங்குங்க. மையவாடிக்குப் போவோம். இங்க இருந்தா வெந்துடுவோம்."

பெண்கள் சிலர் அசைந்தார்கள். என் மாமியார் துணியை இறுக்கிப் பிடித்தாள்.

"ஷேக்க விட்டுட்டு நான் வரமாட்டேன். அவரு காப்பாத்துவாரு."

"கெனீமா, ஷேக்கு நல்லவருதான். ஆனா அவருக்கு இனிமே வேகாது. உனக்கு வேகும்."

"போய்யா பயந்தாங்கொள்ளி!"

"ஆமா, பயந்தாங்கொள்ளிதான்! பயமா இருக்கு, அதான் வந்தேன்! எழுந்திரு!"

அவள் எழவில்லை. நான் தோளைப் பிடித்து இழுத்தேன், கத்தினேன், அடிக்கக்கூடக் கை ஓங்கினேன். கிழவி பாறை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவளை விட்டுப் போனால் அரெஸ்கி முகத்தில் எப்படி விழிப்பேன்? இருந்தால் பிள்ளை போய்விடுவாள். எந்தக் காலை எடுத்து வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

பெலாயித் மாமா குனிந்து சிலியாவின் முன்னால் கையை நீட்டினார். அந்தக் கை ஆடிய ஆட்டம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"பாப்பா, தாத்தாவுக்கு ரொம்பப் பயமா இருக்கு. என் கையப் பிடிச்சுக் கீழ கூட்டிட்டுப் போறியா?"

அதுவரை வீறிட்டு அழுதுகொண்டிருந்த பிள்ளை நிறுத்தினாள். அவருடைய இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு, "வாங்க தாத்தா, அழாதீங்க" என்று வெளியே நடந்தாள். பேத்தி வாசலைத் தாண்டியதும் மாமியாரின் கை துணியை விட்டது. "ஏய் சிலியா! சிலியா!" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். மூட்டுவலி எங்கே போனதோ.

தர்காவின் சுவரோரப் பாதையில் இறங்கினோம். ஒரு பக்கம் முகம் பொரிந்தது. புகையில் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். அவர் ஓதவில்லை, எங்களுக்குத் தைரியமும் சொல்லவில்லை. "யம்மா... யம்மா..." என்று செத்துப்போன தாயைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். என் மகள் நடுநடுவே, "இதோ வந்துடுச்சு தாத்தா" என்றாள்.

மையவாடியில் வெறும் செம்மண். தொட்டித் தண்ணீரில் முக்காட்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, கபர்களுக்கு நடுவே குப்புறப் படுத்தோம். சிலியாவை அவர் தன் ஈர அங்கிக்குள் இழுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் ஷேக் அம்ரானின் தோப்பில் தீப்பிடித்தது. ஊரிலுள்ள துணியையெல்லாம் ஒரே நேரத்தில் கிழிப்பதுபோல ஒரு சத்தம். வேலிவரை வந்த நெருப்பு தின்பதற்குப் புல் இல்லாமல் இரண்டு பக்கமும் விலகிப் போனது.

ஆண்கள் ஏறி வந்தபோது தோப்பு எரிந்துகொண்டிருந்தது. ஷபான் நடுரோட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டதை வேலி வழியாகப் பார்த்தேன். அவர் மனைவியும் எங்களோடுதான் கிடந்தாள். கூப்பிடக் குரல் வராமல் முக்காட்டை அவிழ்த்து ஆட்டினாள்.

பெலாயித் மாமா அடுத்த குளிர்காலத்தில் படுக்கையிலேயே இறந்தார். மையவாடிக்கு ஜனாஸாவோடு பெண்கள் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. அன்று போனோம். வாசலில் ஒருவர் தடுத்ததற்கு என் மாமியார், "அன்னிக்கு இதுக்குள்ளதான கிடந்தோம், அப்ப எங்க போயிருந்த?" என்று கேட்டு அவரைத் தள்ளிவிட்டாள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி மைக்கைப் பிடித்து, அச்சம் என்றால் என்னவென்றே அறியாத மாவீரர் என்று ஆரம்பித்தார்.

"பொய்!" என்றாள் மாமியார். எல்லோரும் திரும்பினார்கள். அவள் குரல் உடைந்துவிட்டது. "பயந்தாரு. எங்க எல்லாரையும் விட அதிகமாப் பயந்தாரு. பயந்துக்கிட்டே மேல ஏறி வந்தாருய்யா."

நாங்கள் எல்லோரும் அழுதோம். அதிகாரி தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

இதெல்லாம் முடிந்து சில வருஷம் ஆகிவிட்டது. தர்காவுக்கு மறுபடி வெள்ளை அடித்தாயிற்று. எரிந்த ஓக் மரங்கள் வேரிலிருந்து துளிர்த்து, புதர் இடுப்பளவு மண்டிவிட்டது. ஷேக்கின் துளிர் என்று யாரும் கை வைக்கவில்லை. கைப்பிள்ளைக்காரிகள் மறுபடி அங்கேதான் நேர்த்திக்கடனுக்குப் போகிறார்கள். இந்த மே மாதம் புல் காயத் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. யார் வீட்டு ரொட்டி கருகினாலும் எழுந்து உட்கார்ந்து சிலியாவைத் தடவிப் பார்க்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஊர்ச்சபை கூடியிருந்தபோது உள்ளே போனேன். அங்கே பெண் கால் வைத்ததில்லை. என் கையில் பெலாயித் மாமாவின் அரிவாள். பின்னால் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஷபான் எழுந்துவிட்டார். "என்னம்மா தாவுஸ், இங்க எதுக்கு வந்த?"

"பயமா இருக்கு" என்றேன். "அதான் வந்தேன்."

சபையில் யாரும் சிரிக்கவில்லை.