டொம்முக்கு ஒரு வரி

எங்க அண்ணிக்கு இங்கிலீஷ்னா உசுரு. தபால்ல படிச்சே பட்டம் வாங்கினவங்க. ஒரு ஸ்கூல் பாக்கி இல்லாம இன்டர்வியூவுக்குப் போயிட்டு வந்தாச்சு. எல்லா இடத்துலயும் ஒரே பதில்தான்: "நல்லாப் பேசறீங்க, ஆனா ஏன் கத்தறீங்க?"

கத்தாம என்ன பண்ணுவாங்க? நாங்க குடியிருக்கற இடம் அப்படி. கீழ செருப்புப் பட்டறை, மேல வீடு. பட்டறையில எங்க அண்ணன் பிரஸ் மிஷின் ஓட்டறான். ரப்பர் ஷீட்டை விரிச்சு, அடிப்பாகத்தோட அளவுல இருக்கற இரும்பு அச்சை அது மேல வெச்சு, காலால பெடலை மிதிச்சா மேல இருக்கற தட்டு இறங்கும். டொம்! ஒரு செருப்புக்கு அடி ரெடி. அச்சை நகர்த்தி வெச்சு மறுபடி ஒரு மிதி, மறுபடி டொம். நான் அதே பட்டறையில வார் ஒட்டறவ, அதனால எனக்குப் பழகிப் போச்சு. புதுசா வர்றவங்க முதல் டொம்முக்கே நெஞ்சைப் பிடிச்சுப்பாங்க. வாடகை கம்மின்னு எங்க அண்ணன் பெருமையா சொல்லுவான். கம்மியா இல்லாம? டம்ளர் தானா நகர்ந்து வந்து தரையில குதிக்கற வீட்டுக்கு எவன் வருவான்?

வேலை கிடைக்கலைன்னதும் அண்ணி மூலையில உக்காந்து அழுகற ஆள் இல்ல. தெருவுல இருக்கற பசங்களைக் கூட்டி, எங்க முன்ரூம்லயே வாய்விட்டு வாசிக்கற வகுப்பு ஆரம்பிச்சாங்க. இங்கிலீஷை மனசுக்குள்ள படிச்சா நாக்கு திரும்பாது, சத்தமாப் படிச்சாத்தான் உச்சரிப்பு வரும்கறது அவங்க கொள்கை. எட்டு உருப்படி சேர்ந்துச்சு. அதுல மெடிக்கல் ஷாப்காரர் பொண்ணுதான் தலைவி. முன்பல்லு ரெண்டும் விழுந்து, வாயைத் திறந்தா ஜன்னல்.

அண்ணி விட்டாங்களா அதுகளை? ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு துண்டுப் பேப்பர். 'ப' மாதிரி வர்ற எழுத்தைச் சொல்றப்போ வாய்க்கு எதிர்ல பிடிச்ச பேப்பர் ஆடணும். ஆடலைன்னா மறுபடி சொல்லணும். 'எஃப்' சொல்றப்போ கீழ் உதட்டைப் பல்லு தொடணும். ஜன்னல் வாய்க்காரி என்ன பண்ணுவா பாவம், விரலை மடக்கி அங்க வெச்சுக்கிட்டு 'எஃப்' சொல்லுவா. நான் மேல தண்ணி குடிக்க வர்றப்போ இந்தக் கூத்தைப் பார்த்துட்டு சிரிச்சுக்கிட்டே இறங்குவேன்.

ஆனா பெரிய தொல்லை டொம்தான். பாதி வரியில டொம் விழுந்தா மீதி காத்துல போயிடும். முதல்ல அண்ணி ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "என்னங்க, கொஞ்சம் நிறுத்துங்களேன்!"னு கத்திப் பார்த்தாங்க. அண்ணன் காதுல விழுந்தாத்தானே. அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஒரு டொம்முக்கும் அடுத்த டொம்முக்கும் நடுவுல ஒரு வரி. நிதானமா, ஒவ்வொரு சத்தத்தையும் முழுசா வாயில கொண்டு வந்து, வரி முடிச்சு, வாயை மூடணும். டொம் விழும். மூச்சு இழுக்கணும். அடுத்த வரி. நீள வரின்னா கமாவுல ஒரு டொம், கடைசியில ஒரு டொம்.

என்ன சொல்றது, அந்த வாண்டுகளோட இங்கிலீஷ் அப்படி இருந்துச்சு! கண்ணை மூடிக்கிட்டு கேட்டா டிவியில நியூஸ் படிக்கற மாதிரி. கீழ அண்ணன் டீ குடிக்கப் போனா மட்டும் மேல எல்லாம் வாயை மூடிக்கிட்டு முழிக்கும். கரண்ட் போனா வகுப்பு லீவு. இதுல ஏதாவது கோளாறு இருக்குன்னு எங்க வீட்டுல ஒருத்தருக்காவது தோணணுமே? எனக்கும் தோணல. எங்களுக்கு அதுதான் உலகம்.

இப்படி இருக்கறப்போதான், இந்தப் பசங்க வாசிக்கற சேதி காதுல விழுந்து, பெரிய ஸ்கூல்லேர்ந்து கூப்பிட்டாங்க. கண்ணாடிக் கதவு போட்ட ஸ்கூல். அங்க காரிடார்ல செருப்புச் சத்தம் கேட்டாலே முறைப்பாங்க. பசங்களுக்கு வாசிப்பு சொல்லித்தர ஒரு டீச்சர் வேணுமாம். தலைமை மேடம் அண்ணிகிட்ட, "சனிக்கிழமை எங்க ஹால்ல பெற்றோர் கூட்டம் இருக்கு. உங்க பசங்களைக் கூட்டிட்டு வந்து மேடையில வாசிக்க வைங்க. பிடிச்சிருந்தா வேலை உங்களுக்கு"ன்னு சொல்லிட்டாங்க.

அண்ணிக்கு சோறு இறங்கல. இத்தனை வருஷம் ஏறி இறங்கின படிக்கெல்லாம் சேர்த்து கடவுள் ஒரு கதவைத் திறந்திருக்காருன்னு சொல்லி சொல்லி அழுதாங்க. எல்லாம் சரி. போறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு.

"நீங்க வர வேணாங்க. ஷிப்டை எதுக்கு விடணும்?"

ஷிப்டாவது மண்ணாங்கட்டியாவது. வீட்டுக்காரர் எக்ஸ்போர்ட் லைன்ல இருக்காருன்னு மேடம்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்க. நகத்துல ரப்பர் கருப்போட இவன் போய் நின்னா சரிப்படாதே. அண்ணனுக்குப் புரிஞ்சுது. "அதுவும் சரிதான்"னு தலையை ஆட்டினான். அவங்க பசங்களோட ஆட்டோ ஏறினதும் என்னைப் பார்த்து, "வர்றியா, பின்னாடி உக்காந்து பார்த்துட்டு ஓடி வந்துடலாம்"னான். இருக்கறதுலயே நல்ல சட்டையை மாட்டிக்கிட்டான். பெற்றோர் கும்பலோட கும்பலா புகுந்து, கடைசி வரிசையில உக்காந்தோம்.

ஹால்னா ஹால், தரையெல்லாம் மரப்பலகை. ஏசி ஓடறதே தெரியல. எட்டும் மேடையில வரிசையா நின்னுச்சு. ஜன்னல் வாய்க்காரி புத்தகத்தைத் தூக்கி, கணீர்னு முதல் வரியை வாசிச்சா. யானை ஒண்ணு குடையைத் தொலைச்ச கதை. "தி எலிஃபண்ட் லாஸ்ட் ஹிஸ் அம்ப்ரெல்லா." ஹால்ல ஒரு முணுமுணுப்பு, அடேங்கப்பான்னு. மேடம் நிமிர்ந்து உக்காந்தாங்க.

வரி முடிஞ்சுது. வாயை மூடினா. காத்திருந்தா.

பக்கத்துல நின்ன ஏழும் காத்திருந்துச்சு. ஒரு ஈ பறந்தா கேக்கும், அப்படி ஒரு அமைதி. ஜனங்க இதுவும் நடிப்புல சேர்த்தின்னு நினைச்சு கை தட்டினாங்க. கைதட்டல் அடங்கிச்சு. பசங்க அசையல. ஒருத்தன் குனிஞ்சு தரையைப் பார்க்கறான், டொம் எங்க போச்சுன்னு. மேடை ஓரத்துல அண்ணி "ம்... ம்..."னு கண்ணால கெஞ்சறாங்க. முகம் வெளுத்துப் போச்சு. மேடம் வாட்ச்சைப் பார்க்கறாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது. ஐயோ, மிஷின் இல்லையே இங்க!

நான் திரும்பறதுக்குள்ள அண்ணன் எழுந்து நின்னுட்டான். பெடல் மிதிக்கற வலது காலைத் தூக்கி, மரப்பலகையில ஓங்கி ஒரு மிதி.

டொம்!

முன்வரிசையில ஒரு அம்மா அலறியே போயிட்டாங்க. மேடையில எட்டும் ஒரே நேரத்துல மூச்சு இழுத்துச்சு. அடுத்த வரி தேனா வந்துச்சு. வரி முடிஞ்சதும் இவன் டொம். அதுக்கடுத்த வரி, டொம். "யாருய்யா அது?"ன்னு நாலா பக்கமும் சத்தம். வாட்ச்மேன் ஓடி வந்து அக்குள்ல கை குடுத்துத் தூக்கினாரு. தூக்கினா என்ன, ஒரு கால் தரையிலதானே இருக்கு? அந்தக் காலால டொம். கதவு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போறாரு, வழியெல்லாம் டொம். வெளியில தள்ளி கதவைச் சாத்தினாங்க. பாவி மனுஷன் வெளியிலேர்ந்து கதவை உள்ளங்கையால அறையறான். யானைக்குக் குடை கிடைக்கற வரைக்கும் அறைஞ்சான். மேடையில ஒரு பிஞ்சு கூட தலையைத் தூக்கல, ஒரு எழுத்து பிசகல. எனக்கு சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

முடிஞ்சதும் அவனை இழுத்துக்கிட்டு வந்து மேடம் முன்னாடி நிறுத்தினாங்க. மேடம் அண்ணி பக்கம் திரும்பி, "பசங்க உச்சரிப்பு பிரமாதம். ஆனா இந்த ஆள் யாரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"ன்னு கேட்டாங்க.

அண்ணி வாயைத் திறக்கறதுக்குள்ள அண்ணன் முந்திக்கிட்டான்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் ஃபேன் ரிப்பேருக்கு வந்தேன். கால் மரத்துப் போச்சு, அதான் உதறினேன்."

"இங்க ஃபேனே கிடையாதே?"

"அதாங்க, தேடிக்கிட்டே இருந்தேன்."

மேடம் மறுபடி அண்ணியைப் பார்த்தாங்க. அண்ணி குனிஞ்சு, கையில இருந்த துண்டுப் பேப்பரையெல்லாம் அடுக்கிக்கிட்டே இருந்தாங்க. அடுக்கினதையே அடுக்கினாங்க. "இனிமே இந்தப் பக்கம் பார்த்தேன், போலீஸ்தான்"னு வாட்ச்மேன் அவனை கேட்டுக்கு வெளியில விட்டாரு. வேலை அண்ணிக்குக் கிடைச்சுது.

வீட்டுக்கு வந்து அண்ணியை நல்லா நாலு வார்த்தை கேக்கணும்னுதான் இருந்தேன். இவன் என்னடான்னா ஸ்வீட் டப்பாவோட வந்து நிக்கறான். "எப்படி சமாளிச்சேன் பார்த்தியா?"ன்னு என்கிட்டயே பீத்திக்கறான். அண்ணி ஸ்வீட்டைக் கையில வாங்கினாங்க, சாப்பிடல. உள்ள போயிட்டாங்க.

அதுக்கப்புறம் நடந்த கூத்தை எங்க போய் சொல்ல? புருஷன் பொண்டாட்டி, தெருவுல யாரோ எவரோ ஆயிட்டாங்க. காலையில அண்ணன்தான் டிபன் கட்டித் தருவான், மொபெட்ல கூட்டிட்டுப் போவான். ஸ்கூலுக்கு ரெண்டு தெரு முன்னாடியே இறக்கி விட்டுட்டு, முகத்துல துண்டைச் சுத்திக்கிட்டு திரும்பிடுவான். கடைவீதியில எதிர்ல யாராவது டீச்சர் வந்தா பட்டுன்னு அண்ணியை விட்டு விலகி, தக்காளி விலை கேக்க ஆரம்பிச்சுடுவான். ஒரு தடவை அப்படி விலகின வேகத்துல வேற ஒரு அம்மா பையைத் தூக்கிக்கிட்டு நடந்துட்டான். "உனக்கு ரோஷமே கிடையாதாடா?"ன்னு கேட்டா, "வேலை முக்கியம்டி"ங்கறான்.

அங்க ஸ்கூல்லயோ அண்ணிக்குப் பாடு பெரும்பாடு. அந்தப் பசங்க வாசிச்சா பிரேக் இல்லாத பஸ். நிறுத்தமே கிடையாது, பாதி எழுத்தை முழுங்கிடுதுங்க. ஸ்கூல்களுக்கு நடுவுல வாசிப்புப் போட்டி வேற வருது. மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாங்க. ஒருநாள் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "அன்னைக்கு ஹால்ல காலை உதைச்சாரே ஒரு பைத்தியம், அவர் உதைச்ச அப்புறம்தான் பசங்க ஒழுங்கா வாசிச்சாங்க. எங்க இருந்தாலும் பிடிச்சுக்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டாங்களாம்.

வாட்ச்மேன் கண்ணு லேசுப்பட்ட கண்ணா? மறுநாளே ரெண்டாவது தெருவுல துண்டு, மொபெட்டோட சேர்த்துப் பிடிச்சுட்டாரு. டீக்கடைப் பையன் பட்டறைக்கு ஓடி வந்து, "உங்க அண்ணனை ஸ்கூல்ல பிடிச்சு வெச்சிருக்காங்க"ன்னான். பசை கையோட ஓடினேன். மேடம் ரூம் கதவு திறந்தே இருந்துச்சு. அண்ணன் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். வகுப்புலேர்ந்து அண்ணியையும் கூப்பிட்டிருக்காங்க.

"டீச்சர், இவரை வெச்சு நம்ம பசங்களுக்குப் பயிற்சி குடுக்கலாமான்னு பார்க்கறேன். இவர் எங்க இருக்காரு, என்ன பண்றாருன்னு ஏதாவது தெரியுமா?"

அண்ணன் முந்திக்கிட்டான். "அவங்களுக்கு எப்படிங்க தெரியும்? நான் ஃபேன்..."

"நீங்க சும்மா இருங்க"ன்னாங்க அண்ணி. எங்க வீட்டுல பேசற அதே குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. காரிடார்ல போன ரெண்டு டீச்சர் அப்படியே நின்னுட்டாங்க.

"தெரியும் மேடம். காலையில எனக்கு டிபன் கட்டிக் குடுத்ததே அவர்தான். என் வீட்டுக்காரர். எக்ஸ்போர்ட் எல்லாம் இல்ல, செருப்புப் பட்டறையில பிரஸ் ஓட்டறாரு. எங்க பசங்க அந்த மிஷின் சத்தத்துலதான் வாசிக்கக் கத்துக்கிட்டாங்க."

மேடம் கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வெச்சாங்க. "அப்போ அன்னைக்கு நான் கேட்டப்போ ஏன் சொல்லல?"

"அன்னைக்கு வேலைதான் பெருசாத் தெரிஞ்சுது மேடம்."

சொல்லிட்டு அண்ணி அழுதாங்க. மறைச்சுக்கல. நானும் வாசல்ல நின்னு அழுதேன். அவங்க மேல இருந்த கோபமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. அண்ணன் மட்டும், "போச்சு, எல்லாம் போச்சு, இப்படிப் போட்டு உடைச்சுட்டியே"ன்னு தலையில அடிச்சுக்கறான்.

மேடம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. அப்புறம், "திங்கட்கிழமையிலேர்ந்து வகுப்பு நேரத்துக்கு இவரும் வரட்டும். ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க"ன்னாங்க.

எங்க அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா?

"பரவாயில்லங்க மேடம், நாங்க தனித்தனியாவே வர்றோம். பழகிடுச்சு."

ரப்பர் கருப்பு படிஞ்ச அவன் கையை அண்ணி பிடிச்சாங்க. காரிடார் முழுக்க டீச்சருங்க பார்க்க, வாட்ச்மேனைத் தாண்டி, கேட்டுக்கு வெளியில வந்து மொபெட்ல ஏத்தி விடற வரைக்கும் விடவே இல்ல.