பெர்னி குவில்டியின் கைராசி

புல்லாரூ கத்தோலிக்கப் பங்கின் புனித மார்த்தா உதவிக் குழுவுக்கு பெர்னடெட் குவில்டி அம்மையார் பத்தொன்பது ஆண்டுகளாகத் தலைவி. ஆண்டுதோறும் முறைப்படி தேர்தல் நடக்கும். "தலைவர் பொறுப்புக்கு வேற யாராவது?" என்று கேட்கும் அந்த நொடியில் உறுப்பினர்கள் ஒன்பது பேருக்கும் தேநீர்க் கோப்பையின் அடியில் கவனிக்கவேண்டியது ஏதோ இருக்கும். பெர்னி மறுபடி தேர்ந்தெடுக்கப்படுவார். ஜனநாயகம் தழைத்தது.

ஊரில் அவருக்குக் கைராசிக்காரி என்றும் பெயர். ஞாயிறு பத்து மணித் திருப்பலி முடிந்ததும் பங்கு மன்றத்தில் இறைச்சித் தட்டுக்குக் குலுக்கல் நடக்கும். கசாப்புக்கடை வின்ஸ் கொடுக்கும் தட்டு அது. சாப்ஸ், சாசேஜ், முழுசாக ஓர் ஆட்டுத்தொடை, மரியாதைக்கு மேலே ரெண்டு கொத்துக் கீரை. சீட்டு வாங்குகிறவர்கள் அதில் பெயர் எழுதி, பழைய சலவை இயந்திரத்திலிருந்து கழற்றிய தொட்டியில் போடவேண்டும். தொட்டியைச் சுழற்றிச் சீட்டை எடுப்பவர் பெர்னி. யார் வீட்டில் வேலை போனதோ, யார் வீட்டில் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினானோ, யார் பண்ணையில் மழை பொய்த்து ஆடுகளை விற்க நேர்ந்ததோ, அந்த வீட்டுச் சீட்டைத்தான் அவர் கை தேடிப் பிடிக்கும். ஊரின் பெரிய பண்ணைக்காரர் வாரம் இருபது சீட்டு வாங்குவார். பத்தொன்பது ஆண்டுகளில் அவருக்கு ஒரு சாசேஜ் கூட வாய்த்ததில்லை. இதைப் பற்றி அவரோ மற்றவர்களோ வியந்ததாகத் தகவல் இல்லை.

கைராசிக்குப் பின்னால் இருந்த தொழில்நுட்பம் எளியது. பெர்னியின் பச்சைக் கம்பளிச் சட்டையின் வலது கைக்குள் ஒரு சீட்டு முன்கூட்டியே எழுதி மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

இந்த அக்கிரமத்துக்கு அவரைத் தள்ளியது புல்லாரூவின் நல்ல குணம். நானூறு பேர் உள்ள ஊர். ஒருத்தர்கூட உதவி வாங்கமாட்டார். பெர்னி தலைவியான முதல் குளிர்காலத்தில், வேலையிழந்த ஒரு வீட்டு வாசலில் மளிகைப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டு வந்தார். "இதைவிட அவசரம் வேற யாருக்காவது இருக்கும்" என்று அவர்கள் அதைத் தூக்கிப்போய் அடுத்த தெருவில் ஒரு விதவை வாசலில் வைத்தார்கள். விதவைக்கும் அதே எண்ணம். இப்படி ஏழு வீடு சுற்றி, நாலாம் நாள் காலையில் பெட்டி பெர்னியின் வாசலிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. போன வழியில் யாரோ ஒரு ஜாம் பாட்டிலைக் கூடச் சேர்த்திருந்தார்கள்.

குலுக்கலில் விழுந்த தட்டு அப்படியில்லை. அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த வாசலும் கிடையாது.

பெர்னி மனசாட்சி உள்ளவர். ஆகவே இந்த விஷயத்தை நைஜீரியாவிலிருந்து வந்து சேர்ந்த பங்குத்தந்தை ஒபின்னாவிடம் பாவசங்கீர்த்தனத்தில் வைத்தார்.

"ஃபாதர், கைக்குள்ள இருக்கிற சீட்டை எடுக்கிறது பாவமா?"

"கையில இருக்கிறதை எடுக்கிறது எப்படிப் பாவமாகும்? அதை அங்க வச்சது யாருன்னுதான் பார்க்கணும்."

"வச்சது நான்தான்."

ஃபாதர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் யாருக்கு?" என்றார். பெர்னி சொன்னார். "அப்படின்னா மூணு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லுங்க. சாசேஜ் கொஞ்சம் கூடுதலா வைக்கச் சொல்லி வின்ஸ்கிட்ட நான் பேசறேன்."

இவ்வாறு திருச்சபையின் ஆசியோடு மோசடி நடந்துவந்த நிலையில், ஒரு பிப்ரவரி மாதத்தில், பெர்னியின் கணவர் க்ளெம் கோதுமை லாரியின் மேல் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்தார். முறிந்த இடுப்பெலும்பில் டாக்டர்கள் வைத்த ரெண்டு ஆணி. லாரி ஓட்டமும் பள்ளிப் பேருந்து ஓட்டமும் நின்றன. மார்ச்சில் பெர்னி பெருக்கித் துடைத்துவந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துபோய், அவருடைய வேலை நேரமும் பாதியாயிற்று. ஜூலை அங்கே நடுக்குளிர்காலம்; புல்வெளி உறைபனியில் வெள்ளையாக விறைத்தபோது, குவில்டி வீட்டில் விறகு தீர்ந்திருந்தது. இரவுச் சாப்பாடு வெஜிமைட் என்னும் கறுத்த உப்புப் பசை தடவிய ரொட்டி. மாறுதலுக்கு, மறுநாள் ரொட்டியில் தடவிய வெஜிமைட்.

"குழுவுல சொல்லேன்," என்றார் க்ளெம், போர்வைக்குள்ளிருந்து.

"நானே குழு."

"அதனாலதான் சொல்றேன். வழி தெரிஞ்சவ நீ."

"இதைவிட அவசரம்..."

"வேற யாருக்காவது இருக்கும். தெரியும். அந்த வேற யாரோ இப்ப என்னை மாதிரி கால் விறைச்சுப் படுத்திருக்கான்."

பெர்னியின் கவலை வேறு. தேவையுள்ள வீட்டைக் கண்டுபிடிக்கக் குழுவினருக்குப் பாடம் நடத்தியவர் அவர்தான். கதவைத் தட்டிக் கேட்காதீர்கள், குளிர்காலத்தில் புகைபோக்கியைப் பாருங்கள், புகை வராத வீடு பேசாமலே பேசும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது ஒன்பது மாணவர்களும் அந்தத் தெருவழியே காரில் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஆகவே பெர்னி புகை தயாரிப்பில் இறங்கினார். ஈரச் செய்தித்தாள், பழைய பாய், கடைசியில் க்ளெமின் ரப்பர் பூட்ஸ். சூடு துளியும் இல்லை; புகை மட்டும் ரயில் எஞ்சின் கணக்காகப் போயிற்று.

குழுவின் துணைத்தலைவி நோரீன் டக்வெல். வியாழக்கிழமை பழைய துணிகளைப் பிரிக்கும்போது, ஒரு ஸ்வெட்டரை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்த்தபடியே அவள் கேட்டாள்:

"உங்க வீட்டுல என்ன விறகு எரிக்கிறீங்க பெர்னி?"

"வழக்கமானதுதான். யூக்கலிப்டஸ்."

"ரெண்டு வாரமா அந்தப் பக்கம் டயர் கொளுத்தின வாசனை வருதே."

"நம்ம மரங்களுக்கு வயசாயிடுச்சு நோரீன்."

"ஏதாவது வேணும்னா சொல்லு."

"எங்களுக்கு என்ன குறை? டார்சி பாஸ்கோ வீட்டைப் பார். தானியச் சைலோவுல வேலையை நிறுத்திட்டாங்க, மூணு பிள்ளைங்க. இந்த ஞாயிறு அவனுக்கு விழுந்தா நல்லது." சொல்லிவிட்டுத் தன் வலது சட்டைக்கையைச் சரிசெய்துகொண்டார்.

நோரீன் ஸ்வெட்டரை மடித்தாள். மடிக்க வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று மன்றத்தில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். சீட்டு வாங்கியதும் கிளம்பிவிடும் பெரிய பண்ணைக்காரர்கூடத் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தார். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்து க்ளெமும் கடைசி வரிசையில். நோரீன் வாசலில் சீட்டு விற்றாள். தொட்டி விளிம்புவரை நிரம்பியது. நல்ல விற்பனை என்று பெர்னிக்கு உள்ளூர மகிழ்ச்சி. தொட்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். கையை விட்டார். வெளியே எடுக்கும்போது சட்டைக்கையிலிருந்த சீட்டு அதன் பழகிய பாதையில் விரலுக்கு வந்தது.

"டார்சி பாஸ்கோ," என்று படித்தார்.

டார்சி எழுந்தான். ஆனால் முன்னால் வரவில்லை. தொப்பியை ரெண்டு கையாலும் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அது நானா இருக்க முடியாதுங்க, மிசஸ் குவில்டி."

"உன் பேருதான் போட்டிருக்கு டார்சி."

"அஞ்சு சீட்டு வாங்கினேன். அஞ்சுலயும் உங்க பேரைத்தான் எழுதினேன். என் பேர்ல அந்தத் தொட்டிக்குள்ள சீட்டே கிடையாது."

பத்தொன்பது ஆண்டுப் புகழ் கையிலேயே மடிந்து கிடக்க, பெர்னி நின்றார்.

"இன்னொண்ணு எடு," என்றாள் நோரீன். "கையை நல்லா உள்ள விட்டு எடு. சட்டைக்கையை மடிச்சுக்கிட்டா இன்னும் வசதி."

எடுத்தார். பெர்னடெட் குவில்டி. வின்ஸின் கையெழுத்து, ஓரத்தில் கொழுப்புக் கறையோடு. இன்னொன்று எடுத்தார். பெர்னி குவில்டி, ஃபாதரின் சாய்ந்த எழுத்து. அடுத்ததில் திருமதி பி. குவில்டி என்று பண்ணைக்காரர் எழுதியிருந்தார். இன்றும் இருபது வாங்கியிருப்பார் போலிருக்கிறது. நாலாவது சீட்டில் பெயரே இல்லை. 'என் பெண்டாட்டிக்கு' என்று மட்டும் இருந்தது.

பெர்னி கடைசி வரிசையைப் பார்த்தார். க்ளெம் ஊன்றுகோலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இது மோசடி," என்றார் பெர்னி.

"பெர்னி," என்றார் ஃபாதர் ஒபின்னா மிக மரியாதையாக, "இந்த ஒரு விஷயத்துல தீர்ப்பு சொல்ற இடத்துல நீங்க இல்லைன்னு நினைக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகத் தொற்றிக்கொண்டு போயிற்று. பெர்னி கையை உயர்த்தினார்.

"நல்லது, ரொம்ப நன்றி. ஆனா டார்சிக்கு மூணு பிள்ளைங்க. இதைவிட அவசரம்..."

மன்றம் முழுக்க ஒரே முனகல்.

"எனக்கு சைலோவுல திரும்ப வேலை குடுத்துட்டாங்க, செவ்வாய்க்கிழமையே," என்றான் டார்சி. "உங்களுக்குத் தெரியாதா? எப்பவும் உங்களுக்குத்தானே முதல்ல தெரியும்."

தெரியாது. ஐந்து மாதமாகப் பெர்னி யார் வீட்டு வாசலிலும் நின்று பேசவில்லை. நின்றால் 'உங்க வீட்டுல எப்படி' என்று திருப்பிக் கேட்பார்களே.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால," டார்சி தொடர்ந்தான், "கடைக்குட்டி பிறந்தப்போ ஒரே மாசத்துல மூணு தடவை எனக்குத் தட்டு விழுந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"அது உன் அதிர்ஷ்டம்."

"அந்த மாசம் நான் சீட்டே வாங்கலை, மிசஸ் குவில்டி. கையில ஒண்ணும் இல்லை. வாசல்ல நின்னு வேடிக்கைதான் பார்த்தேன். என் பேரைப் படிச்சீங்க. வந்தேன், வாங்கிட்டுப் போனேன், சாப்பிட்டோம்."

"எங்க வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் நானும் வாங்கலை," என்றாள் நோரீன். "ரெண்டு தட்டு."

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. பள்ளி ஆசிரியை. தபால்காரர். சுமார் பதினைந்து கைகள். வாங்காத சீட்டுக்குப் பரிசு பெற்ற பதினைந்து பேர், அத்தனை ஆண்டும் வாயைத் திறக்காமல், அவருடைய கைராசியை ஊர் ஊராகப் புகழ்ந்திருக்கிறார்கள். தான் மறைத்த ரகசியத்தைத் தன்னிடமிருந்து ஓர் ஊரே மறைத்து வைத்திருந்தது அப்போதுதான் பெர்னிக்குப் புரிந்தது.

நோரீன் தட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். கனமாக இருந்தது. இத்தனை ஆண்டில் எத்தனையோ தட்டுகளைக் கொடுத்திருக்கிறார். ஆனாலும், வாங்கும் பக்கத்திலிருந்து அதைப் பிடிக்கும்போது எங்கே பிடிப்பது, முகத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வாய் ஏதோ சொல்ல முயன்று, கடைசியில் "தொடை நல்லா பெருசா இருக்கு, வின்ஸ்" என்றது.

"நல்ல ஆடு," என்றார் வின்ஸ்.

அன்று மத்தியானம் குவில்டி வீட்டில் மின்னடுப்பில் சாப்ஸ் பொரிந்தது. க்ளெம் எலும்புவரை சுத்தம் செய்துவிட்டு, "உன்கிட்ட சொல்லாம நோரீன்கிட்ட சொன்னேன். கோபமா?" என்றார்.

"ஆமா," என்றார் பெர்னி. இன்னொரு சாப்ஸை அவர் தட்டில் வைத்தார்.

ஆனால் உதவிக் குழுவின் விதிகள் சாசேஜோடு முடிவதில்லை. தேவையுள்ள வீட்டுக்கு ரெண்டு பேர் போகவேண்டும், உட்காரவேண்டும், எதையும் நோட்டம் விடாமல், என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கவேண்டும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நோரீன் நோட்டுப் புத்தகத்தோடு. கூடவே டார்சி, குழுவின் பத்தாவது உறுப்பினர், சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

பெர்னி கதவை ஒரு சாண் மட்டும் திறந்து வைத்திருந்தார். இந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு மனப்பாடம். 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், வந்ததுக்கு சந்தோஷம்.' அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உள்ளே க்ளெம், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி, காலைத் தரையில் ஊன்றப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வெள்ளையாக வந்தது, வீட்டுக்குள்ளேயே.

கதவு முழுசாகத் திறந்தது.

இருவரும் உட்கார்ந்தார்கள். டார்சி விதிப்படி எதையும் பார்க்காமலிருக்க, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன வேணும், பெர்னி?" என்றாள் நோரீன்.

பெர்னி மேசைவிரிப்பைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார்.

"விறகு."

நோரீன் எழுதினாள். "அப்புறம்?"

"குளியலறைச் சுவத்துல பிடிச்சுக்க ஒரு கம்பி. இவரு தனியா எழுந்திரிக்க முடியலை."

"அதை நான் இன்னைக்கே போட்டுடறேன்," என்றான் டார்சி கூரையிடம்.

"அப்புறம்?"

பெர்னி கன்னத்தில் கைவைத்தார்.

"எனக்குப் பல்லு வலிக்குது. நாலு மாசமா."

க்ளெம் திரும்பிப் பார்த்தார். "என்கிட்ட சொல்லவே இல்லையே."

"உனக்குத்தான் இடுப்பு வலி இருந்துச்சே."

நோரீன் தலை நிமிராமல் எழுதினாள். அவள் பேனா கொஞ்சம் அழுத்தமாக ஓடியது. "டுப்போ டவுன்ல பல் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன், புதன்கிழமை," என்றாள். "வேற ஏதாவது இருக்கா, இவ்வளவுதானா?"

கேட்டதையெல்லாம் அவர்கள் எழுதிக்கொண்டது பெர்னிக்கு அதிசயமாக இருந்தது. கூரை இடிந்து விழவில்லை. மார்புக்குள் இத்தனை மாதம் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகி, கண் வழியாக வரப் பார்த்தது. அதைத் தலைவிக்குரிய கண்டிப்போடு அடக்கினார்.

"இன்னும் இருக்கு," என்று எழுந்துபோய் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். "தேநீர் போடறேன், நோரீன். நிதானமா எழுதிக்கோ."