குசினி வாளி பற்றி வந்த கடிதங்கள்

மாத்தளை டவுனில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தட்டை நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் நாவுலைக்கு அந்தப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டாவது ஆள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஊர் வஹகோட்டை. நர்ஸ்மாரை இங்கே எல்லாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அவர் எங்களுக்கு மிஸ்ஸிதான். மூன்றாவது ஆள் எங்களில் இளையவள். தம்புள்ளை ரோட்டில் உள்ள ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெளிநாட்டுக்காரர்களுக்கு மிளகுக் கொடியையும் கறுவா மரத்தையும் காட்டி விளக்கம் சொல்வது அவள் வேலை. அவளைத் தங்கச்சி என்போம்.

மேல்தட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி தனியாக இருந்தார். போஸ்ட் மிஸ்ட்ரஸாக இருந்து பென்சன் எடுத்தவர். சாவியைக் கையில் தந்த அன்று ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"முந்தி இருந்தவங்களோட வாய்ப்பேச்சு வளர்ந்து எனக்கு ப்ரெஷர் ஏறிப்போச்சு. சத்தமாப் பேசவே கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. அதனால ஏதாவது குறை இருந்தா நான் எழுதித்தான் அனுப்புவேன். நீங்களும் எழுதியே அனுப்புங்க."

நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்தோம். கதவுக்குக் கீழால் ஒரு துண்டுக் கடதாசி வரும் என்று எதிர்பார்த்தோம்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, தபால்காரர் கேட்டில் நின்று சைக்கிள் மணி அடித்தார். அன்று எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். முத்திரை ஒட்டி, சீல் குத்திய கடித உறை. எங்கள் வீட்டு இலக்கம், அதற்குக் கீழே "கீழ்மாடி" என்று முத்து முத்தான எழுத்து. உள்ளே இப்படி இருந்தது: "திங்கட்கிழமை மாலை ஐந்து மணி தொடக்கம் உங்கள் குசினியிலிருந்து மீன் வாடை எனது அறைக்கு வருகிறது. குப்பை வாளியைக் கவனிக்கவும். இப்படிக்கு, மேல்மாடி."

"மேல இருந்து கீழ போட்டிருந்தா ரெண்டு செக்கன்ல வந்திருக்கும்," என்றார் தபால்காரர். "சந்தியில இருக்குற பெட்டியில போட்டிருக்காங்க. பெரிய தபால் கந்தோருக்குப் போய்ட்டு வருது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆன்ட்டி பல்கனியில் நின்று, கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

வாளி நாறியது உண்மைதான். அது மூடி போட்ட சிவப்பு பிளாஸ்டிக் வாளி, சிங்க்குக்குப் பக்கத்தில் இருந்தது. உக்கும் குப்பையை எடுக்கிற ட்ராக்டர் செவ்வாயும் வெள்ளியும்தான் வரும். சனிக்கிழமை வாங்கிய மீனின் தலையும் குடலும் செவ்வாய்வரை அதற்குள் கிடக்கும். மூன்று பேருக்கும் மூன்று நேர வேலை. யார் மூடியைத் திறந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, போடுவதைப் போட்டுவிட்டு, அடுத்தவள் கழுவுவாள் என்று நம்பி ஓடிவிடுவோம்.

ஆனால் கடிதம் வருவதற்குள் செவ்வாய்க்கிழமை ட்ராக்டர் வந்து போயிருந்தது. ஆன்ட்டி சொன்ன நாற்றம் இப்போது வீட்டில் இல்லை. இல்லாத நாற்றத்துக்கு என்ன செய்வது என்று பின்னேரம் மூவரும் வாளியைச் சுற்றி நின்றோம்.

"திங்கட்கிழமை என்ன மீன்?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"சாளை," என்றேன் நான்.

"சாளை ஞாயித்துக்கிழமை அக்கா. திங்கட்கிழமை கருவாடு," என்றாள் தங்கச்சி.

பதில் எழுதுவதென்றால் விவரம் சரியாக இருக்க வேண்டும் என்று மிஸ்ஸி ஒரு கொப்பி வாங்கி வந்தார். வார்ட்டில் நோயாளிக்குக் காய்ச்சல் குறிப்பதுபோல், நாள், சமைத்தது, வாளியில் போட்டது, காலை வாடை, மாலை வாடை என்று கோடு போட்டார். வேலைக்குப் போகுமுன் யாராவது ஒருத்தி மூடியைத் திறந்து முகர்ந்து, "லேசு", "நடுத்தரம்", "தாங்காது" என்று எழுத வேண்டும். நான் முதல் பஸ்ஸைப் பிடிக்கிறவள் என்பதால் அந்த வேலை பெரும்பாலும் எனக்குத்தான் விழுந்தது. எழுதி எழுதி நோய் தெரிந்ததே தவிர மாறவில்லை.

தங்கச்சி வைத்தியத்தைத் தொடங்கினாள். தோட்டத்தில் கழித்துப் போடுகிற கராம்புக் காம்பு, கறுவாப்பட்டைத் துண்டு, உடைந்த ஏலக்காய், சாதிக்காய் ஓடு எல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்கிற அதே குரலில் எங்களுக்கும் சொன்னாள்.

"கராம்பு பல்வலிக்கு. கறுவா சீனி வருத்தத்துக்கு. சாதிக்காய் நித்திரைக்கு. எல்லாம் சேர்ந்தா எந்த நாத்தமும் நிக்காது."

வாளிக்கு இந்த மூன்று நோயும் இல்லை. ஆனாலும் அடியில் ஒரு படை, நடுவில் ஒரு படை, மேலே ஒரு படை போட்டாள். அடுத்த நாள் மூடியைத் திறந்தபோது கல்யாண வீட்டுக் குசினியில் மீன் செத்துக் கிடப்பதுபோல் இருந்தது. கொப்பியில் என்ன எழுதுவதென்று தெரியாமல், "விருந்து" என்று எழுதிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

புதன்கிழமை கடிதம் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் புரியாணி சமைக்கப்பட்டதை வாசத்தால் அறிந்தேன். மேலே ஒருத்தி இருக்கிறாள் என்று யாருக்கும் நினைவு வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, அறியத் தருகிறேன்."

மிஸ்ஸி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "அது குப்பை வாளின்னு எழுதி அனுப்பவா?" என்று நான் கேட்டேன்.

"வேணாம் டீச்சர். குப்பையை மணந்து வாயூறிச்சுன்னு தெரிஞ்சா அந்த மனுஷிக்கு எவ்வளவு வெக்கமா இருக்கும்."

ஆகவே புரியாணி சமைத்தோம். மூவருக்குமே சரியாகச் சமைக்கத் தெரியாது. ஒரு சனிக்கிழமை முழுதும் அதிலேயே போனது. ரம்பை இலை, ஏலக்காய், இரண்டு கோழி. ஒரு பெரிய பீங்கானில் போட்டு, மேலே முட்டை வைத்து, தங்கச்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆன்ட்டி வாயால் ஒன்றும் சொல்லவில்லையாம். பீங்கானை வாங்கி, கதவைச் சாத்தினாராம்.

இரண்டு கோழியின் எலும்பும் தோலும் வாளிக்குள் போனது. ட்ராக்டர் வரச் செவ்வாய் ஆகும். திங்கட்கிழமை காலை கொப்பியில் "தாங்காது" என்று எழுதி அடியில் கோடும் போட்டேன். வியாழக்கிழமை தபால்காரர் இரண்டு கடிதங்களைச் சேர்த்துத் தந்தார். ஒன்றில் புரியாணிக்கு நன்றி. மற்றதில் கோழி நாற்றத்துக்குக் கண்டனம். இரண்டிலும் ஒரே நீல மை, ஒரே மரியாதை.

அன்றைக்குத்தான் மிஸ்ஸி கையைக் கழுவிக்கொண்டு முழுப் பொறுப்பையும் எடுத்தார். அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஈரமான எதுவும் வாளிக்குள் போகக் கூடாது. தேயிலைச் சக்கையைப் பிழிந்து, சோற்றை வடித்து, எல்லாவற்றையும் பழைய பத்திரிகையில் பொட்டலம் கட்டித்தான் போட வேண்டும். வாளி அடியில் இரண்டு தாள், அதன்மேல் ஒரு பிடி சாம்பல். மீன் குடலையும் எலும்பையும் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, ட்ராக்டர் வருகிற காலையில்தான் வெளியே எடுக்க வேண்டும். வாளி காலியானதும் சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலால் தேய்த்துக் கழுவி, கேட் பக்கத்து மதிலில் வெயிலில் காய வைக்க வேண்டும். ஒவ்வொரு பொட்டலத்திலும் வெள்ளை ப்ளாஸ்டர் ஒட்டி நாளும் உள்ளிருப்பதும் எழுதினார். "வியாழன், வெங்காயத் தோல்." "வெள்ளி, பூசணிக் கொட்டை." வார்ட்டுப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது என்றார்.

இரண்டு வாரத்தில் கொப்பியில் எழுத ஒன்றும் இல்லாமல் போனது. மூக்கை வாளிக்குள் விட்டாலும் தேசிக்காய் வாசம் மட்டும்தான். ஆனால் கடிதங்கள் நிற்கவில்லை. நேற்றும் வாடை, முந்தாநாளும் வாடை என்று வந்துகொண்டே இருந்தன. நான் உட்கார்ந்து விவரமாகப் பதில் எழுதி, முத்திரை ஒட்டி, சந்திப் பெட்டியில் போட்டேன். என் கடிதம் மேலே போகிற அன்று அவருடைய அடுத்த கடிதம் கீழே வந்தது.

ஒரு லீவு நாளில் மிஸ்ஸி தபால்காரரைக் குசினிக்கே கூப்பிட்டு மூடியைத் திறந்தார்.

"அண்ணே, கொஞ்சம் மணந்து பாருங்க. உண்மையைச் சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குனிந்தார். நிதானமாக இரண்டு மூச்சு எடுத்தார். "ஒன்னும் இல்லையே மிஸ்ஸி. எங்க வீட்டு சாப்பாட்டு அறையே இப்படி மணக்காது."

அதை அப்படியே மேலே போய்ச் சொல்லச் சொன்னோம். போனார். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தார். "எழுத்துல இருக்கான்னு கேக்கறாங்க," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டிய சத்தம். திறந்தால் ஆன்ட்டி. கஞ்சி போட்ட சேலை, தோளில் பை, மூக்கைப் பொத்திக்கொள்ளக் கையில் ஓடிக்கொலோன் தடவிய லேஞ்சி. அதுவரை ஒரு நாளும் அவர் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. தங்கச்சி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பழைய கவுனில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"நீங்க தயாரா இல்லையே," என்றார் மெதுவான குரலில். "கடிதம் கிடைச்சிருக்கணுமே. பத்து மணிக்கு வாளியைப் பாக்க வாறேன்னு எழுதியிருந்தேன். புதன்கிழமை போட்டேன்."

"இல்ல ஆன்ட்டி, ஒன்னும் வரலையே," என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. வாளியை மறந்தார். கதிரையில் உட்கார்ந்து லேஞ்சியை மடியில் வைத்துக்கொண்டார். "நான் வேலை செஞ்ச காலம் பூராவும் என் கையால போன ஒரு கடிதமும் தொலைஞ்சதில்ல," என்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மிஸ்ஸி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தபால்காரருக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"நேத்தே குடுத்துட்டேனே மிஸ்ஸி," என்றார் அவர். "நீங்க யாரும் இருக்கல்ல. மழை வாற மாதிரி இருந்திச்சு. அதான் பெட்டிக்குள்ள போட்டுட்டுப் போனேன்."

"எந்தப் பெட்டி?"

"நீங்க புதுசா மதில்ல வச்சிருக்கீங்களே. மூடி போட்ட சிவப்புப் பெட்டி. குசினி வாளி மாதிரியே கடிதத்துக்கும் ஒன்னு வாங்கியிருக்கீங்கன்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை ட்ராக்டர் போனபின் வாளியைக் கழுவிக் காய வைத்தது மிஸ்ஸி. பின்னேரம் இருட்டிக்கொண்டு வந்தபோது உள்ளே எடுத்து, அடியைப் பார்க்காமலே தாள் விரித்துச் சாம்பல் போட்டது நான்.

நான் வாளிப் பக்கம் போக, ஆன்ட்டி எழுந்துவிட்டார். "யாரும் கை வைக்க வேணாம். நான் எடுக்கிறேன்."

பையைக் கழற்றி வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளிக்கு முன்னால் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்தார். மூடியைத் திறந்தார். பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ப்ளாஸ்டரில் இருந்ததை உதட்டை அசைத்து வாசித்து, வெள்ளியை ஒரு பக்கமும் சனியை ஒரு பக்கமுமாகத் தரையில் அடுக்கினார்.

"யார் கட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் ஆன்ட்டி," என்றார் மிஸ்ஸி.

"நல்லாக் கட்டியிருக்கீங்க. விலாசம் மட்டும்தான் இல்ல."

சாம்பலை ஒதுக்கித் தாளைத் தூக்கியதும் கடிதம் இருந்தது. ஒரு மூலைகூட நனையவில்லை. ஆன்ட்டி சீல் அடித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நேத்தே வந்து சேர்ந்திருக்கு," என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் வேறெந்த மனுஷர் முகத்திலும் பார்த்ததில்லை. பிறகு கடிதத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். ஒரு முறை, இன்னொரு முறை. பின் வாளிக்குள்ளேயே தலையைக் குனிந்து முகர்ந்தார்.

"இதுல வாடை இல்லையே," என்றார். "அப்ப எனக்கு வாறது எங்க இருந்து?"

மிஸ்ஸிதான் அவரோடு மேலே போனார். சிங்க்குக்குக் கீழே, திரைக்குப் பின்னால், ஆன்ட்டியின் வாளி இருந்ததாம். மூடி இல்லை. தனி ஆளின் குப்பை கொஞ்சம்தானே என்று நிறைந்த பிறகுதான் வெளியே வைப்பாராம். நிறைய மூன்று வாரம் பிடிக்குமாம். மிஸ்ஸி அங்கேயே கையுறை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிட்டார். ஆன்ட்டி பக்கத்தில் நின்று, "ஒன்பது கடிதம் எழுதிட்டேன் மிஸ்ஸி," என்று மட்டும் மெல்லச் சொன்னாராம்.

அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே வாளி என்று ஆகிவிட்டது. ஆன்ட்டி தன் குப்பையைத் தானே பொட்டலம் கட்டி, பின்னேரம் கீழே கொண்டுவந்து போடுவார்; போட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் பேசுவார். அவர் பொட்டலம் எங்களுடையதைப் போல் இல்லை. பிறவுண் பேப்பர் சுற்றி, நாலு பக்கமும் மடித்து, சணல் நூல் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சில் மெழுகும் வைத்திருப்பார்.

முதல் செவ்வாய்க்கிழமை ட்ராக்டர் புறப்பட்ட பிறகு, அதில் வந்தவர் திரும்ப ஓடிவந்து கேட்டைத் தட்டினார். கையில் அந்தப் பொட்டலம்.

"டீச்சர், இது தவறிக் குப்பையோட வந்திருச்சு. யாருக்கோ அனுப்ப வச்சிருந்தது போல. நல்ல வேளை பாத்தேன்."

உள்ளே பாரை மீன் தலை என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. அவர் முன்னாலேயே முடிச்சை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது. மெழுகை உடைக்கவே எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது, அன்றைய முதல் பஸ்ஸும் போய்விட்டது.