கத்தாதே என்றவள் நான்

கடந்த ஆண்டு மாரி தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுதில் அது நிகழ்ந்தது. கட்டைபறிச்சானில் வாழும் என் தங்கை இரண்டாம் முறை கருவுற்று எட்டு மாதம் நிறைந்திருந்தாள். திருகோணமலை நகரில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் சென்றேன். இம்முறை முன்கூட்டியே நாள் குறித்து, அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெறவேண்டும் என்பது அவள் முடிவு. அதை மாற்றிவிடவேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் பிள்ளைப்பேற்றின்போது வாய்விட்டுக் கத்துவதில்லை. அது எங்களுக்கு ஒரு பெருமை. தாயார் அப்படித்தான் ஐவரைப் பெற்றார். நான் மூவரைப் பெற்றேன்.

பேருந்தில் வழிநெடுக அவளைச் சீண்டினேன். "பிள்ளை பெறுறதென்ன, கொழும்பு பஸ்ஸுக்கு சீற் புக் பண்ணுற கதையே?" முன்னிருக்கைப் பெண்கூடச் சிரித்தார். தங்கை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் இளம்பெண். அறுவைச் சிகிச்சையை விரும்பும் காரணத்தைத் தங்கையிடம் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"நோவுக்குப் பயம், டொக்டர். வேறொண்டுமில்லை."

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ, அம்மா. அவ சொல்லட்டும்."

தங்கை நிலத்தைப் பார்த்தபடி பேசினாள். "போனமுறை ஆஸ்பத்திரி வாட்டில நோ தொடங்கேக்க நான் கத்தினனான். பார்க்க விடுற நேரம் அக்கா வந்தவ. எங்கட வீட்டுப் பொம்பிளையள் கத்திறேல்லை, மானத்தை வாங்காதை எண்டவ. பிறகு நான் வாய் திறக்கேல்லை. போர்வையைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான். ஏதோ பிழையாப் போகுது எண்டு தெரிஞ்சும் ஒருத்தரையும் கூப்பிடேல்லை."

தாதி ஒருவர் தற்செயலாக வந்து பார்த்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு தளர்ந்திருந்ததாம். அவசரமாகக் கருவி வைத்து எடுத்த அந்தக் குழந்தை எட்டு நாள் தனிப்பிரிவில் கிடந்து பிழைத்ததை நாங்கள் எல்லோரும் அறிவோம். ஏன் என்பதை அந்த அறையில்தான் அறிந்தேன். மடியிலிருந்த கைப்பை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

அறுவையிலும் ஆபத்து உண்டு என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இம்முறை கூடவே ஆள் இருந்து கவனிப்பார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்றும் சொன்னார்.

"ஏலாது, டொக்டர். கத்த நினைச்சாலும் எனக்குச் சத்தம் வராது."

 மருத்துவர் நாட்காட்டியைத் திருப்பி ஒரு நாளைக் குறித்தார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பற்றினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நீங்கள் வேணுமெண்டு சொல்லேல்லைத்தானே? விடுங்கோ அக்கா" என்று அவளே என்னைத் தேற்றினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குறித்த நாளில் பெண் குழந்தை நலமாகப் பிறந்தது. ஆயினும், அறுவைக்கு நாள் குறித்த பெண்ணை யாரேனும் ஏளனம் செய்தால் இன்றும் என் நெஞ்சு பதறுகிறது. அந்தப் பெண் வலிக்கு அன்றி, அருகில் நின்று அறிவுரை சொன்ன என்னைப் போன்ற ஒருத்திக்கு அஞ்சியிருக்கலாம்.